உயிர் முன் உயிர்

ஜூலை 2, புதன்

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. அதனால் இனி வரும் பக்கங்களில் எழுத வேண்டியதை முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.

1. இன்று வந்த செய்தி. அவசரப்பட்டு நான் அதற்குச் சொன்ன பொருள்.
2. பாலி மொழியில் உயிர் முன் உயிர் வந்தால் ஒன்று கெடும் என்னும் விதி. எது கெடும் என்பது.
3. செய்தியில் உள்ள சொல்லைப் பிரிக்கும் வகைகள். இவற்றில் எதிர்மறையாகப் பிரிப்பது பொருந்தாது. அதை ஆராயப்போவதில்லை.
4. சுலோசனாவிடம் சொல்ல வேண்டியது, அவசியப்பட்டால்.

காலையில் எத்திராஜ் வந்திருந்தான். எங்கள் தங்கவயல் பௌத்த சங்கத்தின் செயலாளன். சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவன். மண்டபத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது போன் கிணுக்கென்றது. பர்மாவிலிருந்து ஒரு குரல்செய்தி. கேமாசாரி அம்மையார் அனுப்பியது.

என் மகள் விசாகா வட பர்மாவில் ஒரு குன்றின் மேலுள்ள பெண் துறவிகள் மடத்தில் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. கேமாசாரி அம்மையார் அந்த மடத்தின் மூத்தவர். விசாகாவின் போன் கெட்டுப்போன பிறகு மடத்தில் மிச்சம் இருப்பது அவருடைய போன் ஒன்றுதான். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்குப் பர்மியம் தெரியாது. ஆகவே யாருக்குமே தாய்மொழியாக இல்லாத, பௌத்த நூல்களின் மொழியான பாலியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம். அவர் இலக்கணம் கற்பிக்கிறவர். நான் தப்பும் தவறுமாகப் பேசுகிறவன்.

மனைவி சுலோசனாவின் கண் ஆபரேஷனுக்கு மகள் ஒரு முறை வந்து போக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இன்றுதான் வந்தது. மூன்றே சொல். "உபாஸக, தஸ்ஸாகமனம் ஜானாத." உபாஸக என்றால் இல்லறத்து பக்தரே என்று என்னை அழைப்பது. அவ்வளவில் நின்றுவிட்டது. பர்மியர்கள் ஸகரத்தைத் தகரம் போல் ஒலிப்பார்கள், அதனால் முதலில் எனக்கு 'தத்தாகமனம்' என்று கேட்டது. திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் பிடிபட்டது.

"ந்தா, இன்னா சொல்லுது அந்தம்மா?" என்றாள் சுலோசனா. கையில் முருங்கைக் கீரை.

"அவளுடைய வருகையை அறியுங்கள்."

"தமிழ்ல சொல்லு."

"தமிழ்லதான் சொன்னேன்."

"வர்றாளா?"

"வர்றா" என்றேன்.

கீரை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"பார்த்தியா வாத்தியாரே!" என்று எத்திராஜ் தொடையில் தட்டினான். "நம்ம சுரங்கத்த தொறக்கறோம் தொறக்கறோம்னு எத்தினி வருசமா சொல்றானுங்க. அதுக்கு முந்தி உம்பொண்ணு வந்து நிக்கப்போவுது!"

"எப்ப வர்றா? எந்த வண்டி?" என்றாள் சுலோசனா.

"அது சொல்லல."

"அத மொத கேளு."

கேட்டு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இன்னும் போய்ச் சேரவில்லை.

ஜூலை 3, வியாழன்

தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். சுலோசனா உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டாள்.

"துறவிங்க நம்ம வீட்டுல தங்க மாட்டாங்களே, மண்டபத்துலதான் தங்குவாங்க" என்றேன்.

"சாமியாருங்க எங்கியாவது தங்கட்டும். எம்பொண்ணு இங்க படுப்பா."

சுண்ணாம்பு வாசனையோடு இரண்டாவது புள்ளியை எழுதுகிறேன்.

தமிழில் ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சந்தித்தால் பெரும்பாலும் இடையில் யகரமோ வகரமோ வந்து நின்று இரண்டையும் காப்பாற்றிவிடும். மணி, அடித்தது. மணியடித்தது. ஒன்றுக்கும் சேதமில்லை. குற்றியலுகரம் மட்டும் ஓடிப்போகும். பாலியில் இந்தக் கருணை குறைவு. இரண்டு உயிர்கள் சந்தித்தால் ஒன்று கெட வேண்டும். பொதுவாக முன்னால் இருப்பது கெடும். 'ந' என்றால் இல்லை, 'அத்தி' என்றால் இருக்கிறது. சேர்ந்தால் 'நத்தி'. முன்னால் உள்ள அகரம் போய்விட்டது.

ஆனால் முன்னும் பின்னும் வேறு வேறு இனத்து உயிர்களாக இருந்தால், பின்னால் இருப்பது கெடுவதும் உண்டு. 'சத்தாரோ', 'இமே' இரண்டும் சேர்ந்து 'சத்தாரோமே' என்று ஆகும். இந்த நால்வர் என்று பொருள். இங்கே போனது பின்னால் வந்த இகரம். உண்டு என்றுதான் விதி சொல்கிறது, வேண்டும் என்று சொல்லவில்லை. போதாததற்கு, ஒன்று கெட்டபின் எஞ்சி நிற்பது சில இடங்களில் நீளும், சில இடங்களில் நீளாது. இந்தச் 'சில இடங்களில்' என்ற சொல்தான் என் போன்றவனுக்குப் பகை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் நான். விதி என்றால் எங்கே என்று சொல்ல வேண்டும்.

சேர்ப்பது எளிது. பிரிப்பதுதான் கஷ்டம். போன உயிர் எது என்று நிற்கிற உயிர் சொல்லாது.

ஜூலை 5, சனி

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனோம். பர்மாவில் பெண் துறவிகள் இளஞ்சிவப்பு உடுத்துவார்கள். விசாகா அனுப்பிய ஒரே போட்டோவில் அந்த நிறத்தில்தான் இருக்கிறாள். சுலோசனா அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து துணிக்கடைக்காரர் முன்னால் வைத்து, "இந்த ரோஸ்தான். இதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்" என்றாள். அவர் பதினைந்து துணிச் சுருளை உருட்டிப் போட்டார்.

"கல்யாணமா பெரிம்மா?"

"அந்தப் பேச்செல்லாம் முடிஞ்சிபோச்சி. பொண்ணு ஊருக்கு வருது."

ஆறு முழம் வாங்கினாள். ராத்திரி விளிம்பு தைக்கக் கண் தெரியாமல் என்னை ஊசி கோக்கச் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் துறவிகள் சாப்பிடக் கூடாது என்பதால் பதினொன்றுக்குள் சமையல் முடிகிறதா என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்க்கிறாள். எனக்கும் பதினொன்றுக்கே சோறு. மூன்று மணிக்குப் பசிக்கிறது. சொல்லவில்லை.

ஒற்றை டிக்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாவது புள்ளி.

'தஸ்ஸாகமனம்.' நான் அன்றைக்கு எடுத்துக்கொண்ட பிரிப்பு: தஸ்ஸா, ஆகமனம். தஸ்ஸா என்றால் அவளுடைய. ஆகமனம் என்றால் வருகை. ஓர் ஆகாரம் கெட்டு இன்னோர் ஆகாரம் நிற்கிறது. நல்ல பிரிப்புதான். நான் கேட்டது வருவாளா என்று. பதிலும் அதற்குப் பொருந்துகிறது.

இன்னொன்று: தஸ்ஸ, ஆகமனம். தஸ்ஸ என்றால் அவனுடைய. எவன்? யாரும் இல்லை. தள்ளிவிடலாம்.

இன்னொன்று உண்டு. தஸ்ஸா, கமனம்.

கமனம் என்றால் போவது.

இதில் எந்த உயிரும் கெடவில்லை. சந்தியே கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொற்கள், அவ்வளவே. எழுத்தில் இடைவெளி விட்டிருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். குரலில் இடைவெளி எங்கே இருக்கிறது?

வருவதும் போவதும் ஒரே ஒலியில் இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

மீதி இருப்பது 'அகமனம்', போகாமை. அநீதி, அசுத்தம் என்பதில் வருகிற அதே எதிர்மறை அகரம். போகாமையை அறியுங்கள் என்று ஒருவரும் பேச மாட்டார்கள். இதற்கு இங்கே வேலை இல்லை.

இனிக் குரலைத்தான் நம்ப வேண்டும். இன்று பலமுறை போட்டுக் கேட்டேன். 'ஸா'வுக்கும் 'க'வுக்கும் நடுவில் மூச்சு விழுகிறதா என்று பார்க்கிறேன். பின்னால் இரைச்சல். ஏதோ லாரி நின்றபடி உறுமுகிறது. பெண்கள் நிறையப் பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். யாரோ தகரத்தைத் தட்டித் தட்டி ஒரே சொல்லைக் கத்துகிறான். சந்தை நாளாக இருக்கும். இந்தச் சந்தடியில் மாத்திரையை அளப்பது எப்படி? அம்மையாரின் குரல் வேறு நடுங்குகிறது. வயதானவர், அப்படித்தான் இருக்கும்.

"முன் உயிர் கெடும், பின் உயிர் கெடுதலும் உண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுலோசனா கரண்டியோடு வந்து நின்றாள். "யாரு உயிரு?"

"எழுத்து. உயிரெழுத்து."

"நல்ல நாளு பெரிய நாள்ல இன்னா பேச்சு இது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. வட பர்மாவில் சண்டை. விமானக் குண்டு. குன்றுகளைச் சுற்றியுள்ள ஊர்கள் காலி. விசாகாவின் மடத்துக்குக் கீழே உள்ள சின்ன ஊரின் பெயரும் அதில் இருந்தது. எழுத்துக்கூட்டு வேறு மாதிரி. வேறு ஊராகக்கூட இருக்கலாம்.

அந்தப் பக்கத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். பேப்பர் தரை ஓதத்தை உறிஞ்சும்.

ஜூலை 9, புதன்

ஒற்றை டிக்.

ஜூலை 11, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

மூன்று நாளாக யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இது. கேமாசாரி அம்மையார் இலக்கணம் கற்பிக்கிறவர். ஒருத்தி வருகிறாள் என்றால் எங்கே, எப்போது என்று சொல்லாமல் விட மாட்டார். ஒருத்தி போனாள் என்றால் அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் இருக்காது. நாமும் 'போயிட்டாங்க' என்றுதானே சொல்கிறோம். செய்தி அறுந்துபோகவில்லை. அவ்வளவுதான் செய்தி. தஸ்ஸா, கமனம். உயிர் எதுவும் கெடாத பிரிப்பு. அது சரியாகவும் இருக்கிறது.

இதை நாலாவது புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்து, நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நல்ல சமயம் நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் அரிசிப் பானையை நகர்த்தினாள். அவளுக்குக் கண் மங்கல். பேப்பரை எத்திராஜிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"ந்தா, இங்க வா. உக்காரு. இது என்னிக்குப் பேப்பரு?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாக்கெழம பேப்பர நீ எதுக்கு பானைக்கு அடியில வெச்ச?"

நான் எத்திராஜைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா வர்றான்னு சொல்லிச்சா, இல்லியா? ஒரே வார்த்த சொல்லு."

"அந்தச் சொல்லை ரெண்டு விதமா பிரிக்கலாம், சுலோசனா. அன்னிக்கு நான் ஆகமனம்னு எடுத்துக்கிட்டேன். இப்ப பார்த்தா, கமனம்னு..."

"ஒரே வார்த்த கேட்டேன்."

"போயிட்டா" என்றேன்.

அவள் அழவில்லை. நான் பயந்தது அழுகைக்கு. அவள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, கண் தெரியாதவர்கள் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தாள்.

"ஒரு எழுத்த வெச்சி எம்பொண்ண வரவெச்ச. அதே எழுத்த வெச்சி சாவடிக்கிறியா?"

"எழுத்து என்ன செய்யும்..."

"நீ சொல்லிக்குடுத்த பாசைதான் அவள அங்க இட்டுனு போச்சி. அந்தப் பாசையிலயே வந்து அவ சாவ சொல்ற. நம்ம பாசையில ஒருத்தரு சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

அடுப்பங்கரைக்குப் போய், பதினொரு மணிச் சமையலுக்கு வைத்திருந்த உலையைக் கவிழ்த்தாள். வெந்நீர் கால்வாயில் ஓடுகிற சத்தம் கேட்டது.

எத்திராஜ் எழுந்தான். "வாத்தியாரே, நிச்சயம்தானா? நான் பெருசா படிக்காதவன். நீ சொன்னா சரியா இருக்கும்."

நிச்சயம் என்று என் வாழ்நாளில் எதைப் பற்றியும் சொன்னதில்லை. தலையை ஆட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று இப்போது யோசித்தால் புரிகிறது. அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்று ஐந்து நாள் இருந்ததைவிட, ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

பால்காரருக்கு நாளை முதல் பழையபடி அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். சங்கத்து ஆட்கள் வருகிறார்கள். "அறிஞ்சவரு நீங்க, எல்லாமே நிலையாமைதான்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்வீங்க" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். சுலோசனா வந்தவர்களுக்கு டீ மட்டும் கொடுக்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

மண்டபத்தில் புண்ணிய பூசை நடந்தது. போனவர்கள் பெயரில் தானம் கொடுத்து அந்தப் புண்ணியம் அவர்களைச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்வது. மந்திரம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு நீளம் வராது. ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டது. எத்திராஜ் இருமி, மற்றவர்களையும் இரும வைத்து, எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான்.

தானமாகக் கொடுக்க விசாகாவின் பொருள் எதுவும் வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் பதினான்கு வருடத்துக்கு முன்பே அவள் கொடுத்துவிட்டுப் போனாள். சுலோசனா அந்த ரோஸ் துணியைக் கொண்டுவந்து எத்திராஜின் கையில் வைத்தாள். விளிம்பு பாதிதான் தைத்திருந்தது.

"இத இன்னா பண்றது அண்ணி?"

"உன் இஷ்டம். என் கண்ணுல படாம பண்ணு."

மாலையில் கதவைப் பூட்டப் போனபோது பார்த்தேன். புத்தர் சிலையின் மாடத்துக்கு அதைத் திரையாகப் போட்டிருந்தான். பழைய திரை எலி கடித்தது. இந்த நிறம் மாடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. சுலோசனா இனி மண்டபத்துக்கு எங்கே வரப்போகிறாள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். நம் நாட்டு எண்.

"ஐயா, வணக்கம்யா. மோரேயிலேர்ந்து வீரணன் பேசுறேன்."

"எந்த ஊர்?"

"மோரேயா. மணிப்பூரு. தாண்டுனா பர்மா. இங்க நம்ம தமிழாளுக கொஞ்சம் இருக்கோம். நா இட்லிக் கடை வச்சிருக்கேன். இங்க ஒரு பர்மாக்காரம்மா வந்து நிக்குதுய்யா. மொட்டை, ரோஸ் துணி. கையில சீட்டுல ஒங்க நம்பரு. எவனோ தமிழ்க்கடைன்னு நம்ம கடையக் காட்டி விட்டுட்டான். ஒரு இட்லி குடுத்தேன், பன்னெண்டு மணி ஆகலியே ஆகலியேன்னு மூணு தடவ கேட்டுட்டுத் திங்கிது. பேசுறீகளா?"

நான் பேசுகிறேன் என்று சொல்வதற்குள் கேமாசாரி அம்மையாரின் குரல் வந்துவிட்டது. "உபாஸக."

எழுந்து நின்றேன். துக்கச் செய்தி சொன்னவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பாலியில் ஒரு வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். ஒருநாள் பேச நேரும் என்று பத்து நாளாக மனத்தில் உருப்போட்டது. அதைச் சொன்னேன். அதில் 'தஸ்ஸா கமனம்' என்று நன்றாக இடைவெளி விட்டுச் சொன்னேன்.

 "ந. ந." என்றார். இல்லை, இல்லை.

பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போல் சொன்னார். "தஸ்ஸா." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "அகமனம்."

அந்த அகரம் ஒரு மாத்திரைதான். பாலியில் அதைவிடச் சிறிய உயிர் இல்லை. கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். புதுச் சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

வேண்டுமென்றே அவர் மறுபடி சேர்த்துச் சொன்னார். "தஸ்ஸாகமனம்." அன்றைக்குப் போலவே. முன்னால் இருந்த ஆகாரம் கெட்டுவிட்டது. பின்னால் இருந்த அகரம் அதன் இடத்துக்கும் சேர்த்து நீண்டுவிட்டது. விதி இடம் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த விதிதான்.

அவளுடைய போகாமையை அறியுங்கள்.

அதற்கு மேல் என் பாலி வரவில்லை. வீரணனைக் கூப்பிட்டேன். "தம்பி, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க. என் பொண்ணு எங்கே?"

"இருங்கய்யா. எங்காத்தா ரங்கூன்ல பொறந்தவ, எனக்குப் பர்மாப் பேச்சு வரும்." வெகுநேரம் அந்தப் பக்கம் பர்மியத்தில் பேச்சு. நடுவில் யாரோ சட்னி கேட்டார்கள், அவர் அதட்டினார். பிறகு வந்தார்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. குண்டு போட வர்றான்னு மடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாகளாம். லாரி வந்துச்சாம். எல்லாரும் ஏறிட்டாக. ஒங்க பொண்ணும் ஏறுச்சாம். மடத்துல எந்திரிக்க முடியாத கெழவிக ரெண்டு பேரு கெடந்துருக்காக. படுத்த ஆள ஏத்த எடமில்லன்னு லாரிக்காரன் தகரத்தத் தட்டித் தட்டிக் கத்துறான். ஒங்க பொண்ணு எறங்கிருச்சு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இந்தம்மா கையப் புடிச்சு இழுத்துச்சாம். வரலன்னுருச்சாம். லாரி கெளம்புறப்பவே ஒங்களுக்குப் போன்ல சொல்லி அனுப்புனேங்குது. அப்புறம் டவரு இல்ல. காட்டுல நடந்து, ஆத்தத் தாண்டி, இப்பத்தான் வந்து சேந்துருக்கு. ஐயா... சொன்னது ஒங்களுக்கு வெளங்கலியான்னு கேக்குதுய்யா."

அம்மையாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "இதானி?" என்று கேட்டேன். இப்போது?

"ந ஜானாமி" என்றார். எனக்குத் தெரியாது.

இதில் சந்தி எதுவும் இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

திரும்பினால் சுலோசனா வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"யாரு? தமிழ்ல பேசினியே?"

"மோரேயில ஒருத்தர். அந்தம்மா அங்க வந்திருக்காங்க." போனைக் கீழே வைத்தேன். "லாரி வந்து எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போச்சாம். விசாகா போகல."

"இன்னா சொன்ன?"

"போகல."

"போகல." என்னைத் திருத்துவது போலச் சொல்லிப் பார்த்தாள். "போகலன்னு அந்தம்மா வாயால சொல்லிச்சா?"

"சொன்னாங்க. அன்னிக்கே அதைத்தான் சொல்லியிருக்காங்க."

"நீதான் போயிட்டான்ன."

"நான்தான்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு கிழவிகளைப் பற்றியும், லாரியிலிருந்து இறங்கியதைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "அதுங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவாங்க, இவதான ஊத்தணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெத்தவளுக்குக் கண்ணு தெரியல, பாக்க வர்றதுக்கில்ல. அங்க யாரோ கெழவிங்களுக்காக எறங்கிக்கினா பாரு, திமிரு" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அம்மையார் கடைசியாகச் சொன்னது. அவளும் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தத் துணி எங்க?"

"எந்தத் துணி?"

"ரோஸ் துணி. எத்திராஜு இன்னா பண்ணான்?"

"மண்டபத்துல, மாடத்துல" என்றேன். செருப்புப் போடாமல் மண்டபத்துக்கு நடந்தாள். பின்னாலேயே நானும் ஓடினேன். மண்டபத்தில் கூரை ஒழுகலைப் பார்க்கக் கொத்தனார் வந்திருந்தார். எத்திராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சுலோசனா யாரையும் பார்க்காமல் நேரே மாடத்துக்குப் போய், திரையின் அடியைத் தடவிப் பார்த்தாள். பாதி தைத்த விளிம்பு கையில் பட்டிருக்க வேண்டும். கம்பியோடு சேர்த்து இழுத்தாள். கம்பி ஆணியோடு பெயர்ந்து வந்தது.

"அண்ணி! அண்ணி! சாமி தெரை அது!"

"சாமிக்கு நான் வேற வாங்கித் தர்றேன்."

"தானம் குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாது அண்ணி. புண்ணியம் போயிரும். வாத்தியாரே, நீ சொல்லேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"செத்தவளுக்குத்தான் தானம் குடுத்தேன்" என்றாள் சுலோசனா, துணியை மடித்துக்கொண்டே. "எம்பொண்ணு போகல. இவருதான் தப்பா படிச்சிட்டாரு."

எத்திராஜ் ஏணியை விட்டுவிட்டான். மேலிருந்த கொத்தனார் கத்தினார். ஓடிப்போய் மறுபடி பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே என்னைக் கேட்டான். "நெசமாவா வாத்தியாரே?"

"ஆமாம்" என்றேன். "தப்பாப் படிச்சிட்டேன்."

அவர்களுக்குச் சந்தோஷம். ஒருவன் கைகூட தட்டினான். மாடத்தில் புத்தர் திரையில்லாமல் இருந்தார்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் ஊசி கோத்துக் கொடுத்தேன். மீதி விளிம்பைத் தைக்கிறாள். பதினொரு மணிக்குச் சோறு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீரணனுக்குப் போன் செய்தேன். கேமாசாரி அம்மையாரை அங்கே ஒரு வீட்டில் தங்க வைத்திருக்கிறாராம். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் குன்றைப் பற்றி விசாரிக்கிறேன் என்றார். இதுவரை யாரும் அந்த வழியாக வரவில்லை.

எழுத நினைத்தவற்றை எழுதி முடித்தேனா என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் புள்ளி சரி. இரண்டாவதில் விதிகளை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதில், எதிர்மறையை ஆராயப்போவதில்லை என்று இருக்கிறது. போகாமை என்று ஒருவரும் பேச மாட்டார்கள் என்பது அதற்கு நான் காட்டிய காரணம். ஒருத்தி அதைச் செய்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது புள்ளி தவறு.